ஒன்றாக ஜெபிப்பவர்கள் ஏன் ஒரே பந்தியில் அமர்வதில்லை?

2025 அக்டோபர் 23 அன்று வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் திருத்தந்தை பதினான்காம் லியோவும் இங்கிலாந்து அரசர் மூன்றாம் சார்லஸும் ஒரே ஜெப வழிபாட்டில் கலந்துகொண்டார்கள். இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமை ஆளுநர் என்ற பட்டம் அந்த அரசருக்கு உண்டு. வழிபாட்டைத் திருத்தந்தையுடன் சேர்ந்து நடத்தியவர் அதே திருச்சபையின், அதாவது ஆங்கிலிக்கன் சபையின், யார்க் பேராயர் ஸ்டீவன் காட்ரெல். எட்டாம் ஹென்றி காலத்தில் இங்கிலாந்து ரோமிலிருந்து பிரிந்த பிறகு ஓர் ஆங்கிலேய அரசரும் திருத்தந்தையும் பொதுவில் சேர்ந்து ஜெபித்தது அதுவே முதல் முறை.

செய்தியைப் பார்த்த பலருக்கு இரண்டு கேள்விகள் வந்தன. இரண்டு சபைகளும் ஒன்றாகிவிட்டனவா? இனி ஓர் ஆங்கிலிக்கன் குரு கத்தோலிக்கக் கோவிலில் திருப்பலி (நற்கருணை வழிபாடு) நிறைவேற்றலாமா? இரண்டுக்கும் பதில் ‘இல்லை’. நம் ஊரிலும் இதே குழப்பம் உண்டு. கிறிஸ்துமஸ் பொதுவிழா மேடையில் பங்குத்தந்தை, சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குருவானவர், லூத்தரன் போதகர், பெந்தெகொஸ்தே பாஸ்டர் எல்லோரும் வரிசையாக அமர்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஒருவர் தரும் நற்கருணையை (இயேசுவின் நினைவாகப் பகிரும் அப்பத்தையும் ரசத்தையும்) மற்றவர் வாங்க முடியாத நிலை. மேடையில் தெரிகிற நட்பு பொய்யா என்று சிலர் கேட்கிறார்கள். பொய் இல்லை. ஆனால் அந்த நட்புக்கு நடுவே ஒரு முடிச்சு கிடக்கிறது. அது எங்கே விழுந்தது, யார் அவிழ்க்கப் பார்த்தார்கள், எங்கே அவிழ்ந்தது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

தொடங்கும் முன் ஒரு விளக்கம். ‘ஆயர்’ என்ற சொல்லைக் கத்தோலிக்கர் மறைமாவட்டத் தலைவருக்கும், சிஎஸ்ஐ-காரர்கள் சபைப் போதகருக்கும் பயன்படுத்துகிறார்கள். அதனால் இங்கே மறைமாவட்டம் அல்லது திருமண்டலத்தின் தலைவரைப் பேராயர் என்றும், உள்ளூர்ச் சபையை நடத்துகிறவரைக் குரு அல்லது போதகர் என்றும் குறிப்பிடுகிறேன்.

## முடிச்சு எங்கே விழுந்தது?

சபைப் பிரிவு என்று மொத்தமாகச் சொல்வதற்குள் மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

1. ஞானஸ்நானம். தண்ணீரால், பிதா, குமாரன், தூய ஆவியின் பெயரால் கொடுக்கப்பட்ட ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்க, ஆங்கிலிக்கன், லூத்தரன், மெதடிஸ்ட் சபைகள் பொதுவாக ஒன்றுக்கொன்று ஏற்கின்றன. குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானத்தைப் பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகள் ஏற்பதில்லை.

2. விசுவாசம். 16-ம் நூற்றாண்டில் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் காலத்துச் சண்டையின் மையக் கேள்வி, மனிதர் கடவுள் முன் எப்படி நீதிமானாக்கப்படுகிறார் என்பது. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் அதில் அடிப்படை உடன்பாடு கண்ட கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. 2006-ல் மெதடிஸ்ட் சபைகளும் 2017-ல் சீர்திருத்த சபைகளும் அதில் சேர்ந்துகொண்டன.

3. ஊழிய அதிகாரம். யார் உண்மையான குரு, யாருடைய கையால் கொடுக்கப்படுவது உண்மையான நற்கருணை என்ற கேள்வி. முடிச்சு விழுந்த இடம் இதுதான்.

கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் சபைகளின் நம்பிக்கைப்படி, அப்போஸ்தலர்கள் தங்களுக்குப் பின் வந்தவர்கள் தலையில் கைவைத்து அதிகாரம் கொடுத்தார்கள். அவர்கள் அடுத்தவர்களுக்குக் கொடுத்தார்கள். இப்படி அறுபடாமல் வரும் பேராயர் வரிசைக்கு அப்போஸ்தலிக்க வழிமரபு என்று பெயர். அந்த வரிசையில் வந்த பேராயர் யாரைக் கைவைத்து அபிஷேகம் செய்கிறாரோ அவரே குரு. பிரெஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் போன்ற சபைகள் பேராயர் என்ற பதவியே இல்லாமல் போதகர்களை அபிஷேகம் செய்தன. ஆங்கிலிக்கன் சபை பேராயர் வரிசையைக் காத்து வந்தாலும், அந்த வரிசை செல்லாது என்று 1896-ல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ அறிவித்தார். அந்த அறிவிப்பு இன்றுவரை திரும்பப் பெறப்படவில்லை.

இதன் விளைவு சாதாரண விசுவாசிகளைவிட ஊழியர்களைத்தான் அதிகம் உறுத்துகிறது. ஒரு கத்தோலிக்கரும் ஒரு சிஎஸ்ஐ-காரரும் நண்பர்களானால், இருவரும் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர்கள் என்பதை இரு சபைகளும் ஒப்புக்கொள்ளும். அவர்களுக்குள் உயர்வு தாழ்வு இல்லை. ஆனால் ஒரு கத்தோலிக்கக் குருவும் ஒரு சிஎஸ்ஐ குருவும் நண்பர்களானால், ஒருவருடைய சபை மற்றவரைப் பார்த்து, ‘நீங்கள் நல்லவர், பக்திமான், ஆனால் குரு இல்லை’ என்கிறது. தன் வாழ்நாள் முழுவதையும் எதற்காகக் கொடுத்தாரோ அதையே நண்பரின் சபை ஏற்க மறுக்கிறது. நட்புக்குச் சமநிலை வேண்டும். சபைச் சட்டம் சமநிலையைத் தர மறுக்கிறது. இந்த இடத்தில் நின்று பார்த்தால்தான் வெவ்வேறு நாடுகளில் நடந்த முயற்சிகளின் அருமை புரியும்.

## தமிழ் மண்ணுக்குப் பிரிவு வந்த வழி

நம்மூர்ச் சபைப் பிரிவுகளில் பெரும்பகுதி கொள்கையால் வந்ததில்லை, வரைபடத்தால் வந்தது. 19-ம் நூற்றாண்டில் பல நாட்டு மிஷன் சங்கங்கள் ஒரே ஊரில் மோதிக்கொள்ளாமல் இருக்கப் பகுதி பிரித்துக்கொண்டன. திருநெல்வேலியில் ஆங்கிலிக்கன் சங்கங்கள். தென்திருவிதாங்கூரில், அதாவது இன்றைய கன்னியாகுமரிப் பக்கம், லண்டன் மிஷன். மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் அமெரிக்க மிஷன். வேலூர், ஆற்காட்டுப் பக்கம் அமெரிக்கச் சீர்திருத்த சபை. தஞ்சாவூர், தரங்கம்பாடியில் லைப்சிக் லூத்தரன் மிஷன்.

ஏற்பாடு நல்ல எண்ணத்தில் செய்யப்பட்டதுதான். ஆனால் திருநெல்வேலியில் பிறந்தவர் ஆங்கிலிக்கன், நாகர்கோவிலில் பிறந்தவர் காங்கிரகேஷனல் என்று ஆகிப்போனது. இங்கிலாந்தை ரோமிலிருந்து பிரித்த ஹென்றி அரசரின் திருமணப் பிரச்சினைக்கும் திருநெல்வேலிச் சீமையின் நாசரேத் ஊர்க் குடும்பம் ஒன்றுக்கும் என்ன சம்பந்தம்? இந்தக் கேள்வியைத் தமிழ் ஊழியர்களே கேட்கத் தொடங்கினார்கள்.

அவர்களில் முதன்மையானவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-ல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் ஓர் ஆங்கிலிக்கன் குருவின் மகனாகப் பிறந்தவர். இளமையில் எல்லாச் சபையினரும் சேர்ந்து வேலை செய்யும் ஒய்.எம்.சி.ஏ.வின் செயலாளராக இருந்தார். அங்கே அமெரிக்க காங்கிரகேஷனல் சபையைச் சேர்ந்த ஷெர்வுட் எடியுடன் ஏற்பட்ட நட்பு வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. 1902-ல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் மிஷன் ஊழியம் நடத்துவதைக் கண்டார். மறு வருடமே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. அவர் 1912-ல் தெலுங்குப் பகுதியான தோர்ணக்கல்லின் பேராயரானார். இந்தியர் ஒருவர் ஆங்கிலிக்கன் பேராயரானது அதுவே முதல் முறை.

1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் சுமார் 1,200 பேர் கூடியிருந்தார்கள். ஆசியர்கள் இருபது பேர்கூட இல்லை. அந்தக் கூட்டத்தில் எழுந்து, வெளிநாட்டு மிஷனரிகளுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் உள்ள உறவைப் பற்றி அசரியா பேசினார். ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உடலையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், எங்களுக்கு அன்பும் வேண்டும், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். கைகுலுக்குவதும் நாற்காலி போட்டு உட்கார வைப்பதும் தேநீர் கொடுப்பதும் அவர் கேட்டது இல்லை. அதைப் பேச்சிலேயே தெளிவாகச் சொன்னார். மேலிருந்து காட்டும் கருணையை விட்டுவிட்டுச் சமமானவர்களாகப் பழகுங்கள் என்பதுதான் கோரிக்கை. அவையில் பலருக்கு அது கசந்தது. ஊழியர்களிடையே நட்பு என்பதைச் சமநிலை பற்றிய கேள்வியாக வைத்ததில்தான் அந்தப் பேச்சின் கூர்மை இருக்கிறது. அந்தக் கேள்விக்கு ஒரு பதில் 37 ஆண்டுகள் கழித்துச் சென்னையில் கிடைத்தது.

## தரங்கம்பாடியிலிருந்து சென்னை வரை

1919 மே 1, 2 தேதிகளில் தரங்கம்பாடியில் ஊழியர் கூட்டம் ஒன்று நடந்தது. கூடியவர்கள் 33 பேர்; இருவர் தவிர அனைவரும் இந்தியர். முக்கியமாக இரண்டு தரப்பு: அசரியா உள்ளிட்ட ஆங்கிலிக்கன்கள், மற்றும் தென்னிந்திய ஐக்கிய சபையினர். இந்த ஐக்கிய சபை, பிரெஸ்பிட்டேரியன்களும் காங்கிரகேஷனல்களும் சேர்ந்து 1908-ல் உருவாக்கியது. சுவிசேஷ ஊழியத்தைப் பற்றிப் பேசத்தான் கூடினார்கள். பேசப் பேச, பிரிந்து கிடக்கும் வரை அந்த ஊழியமும் பலன் தராது என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

இந்தப் பிரிவுகளை நாங்கள் உண்டாக்கவில்லை. வெளியிலிருந்து எங்கள்மேல் சுமத்தப்பட்டவை. இவை நீடிப்பதையும் நாங்கள் விரும்பவில்லை என்று அவர்கள் அறிக்கை சொன்னது. அதோடு நிற்காமல் விட்டுக்கொடுக்க முடியாததையும் இரு தரப்பும் வெளிப்படையாக எழுதின. ஆங்கிலிக்கன்களுக்கு அது வரலாற்று வழி வந்த பேராயர் பதவி. ஐக்கிய சபையினருக்கு அது எல்லா விசுவாசிகளும் ஆவிக்குரிய நிலையில் சமம் என்ற கொள்கை. அந்த அறிக்கையின் நேர்மை இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று பூசி மெழுகியிருந்தால் அடுத்த கூட்டத்திலேயே விரிசல் விட்டிருக்கும்.

அப்புறம் 28 ஆண்டுகள் பேச்சுவார்த்தை. 1925-ல் மெதடிஸ்டுகள் வந்து சேர்ந்தார்கள். 1929-ல் முதல் ஐக்கியத் திட்டம் அச்சாகியது. ஒவ்வொரு வரியும் லண்டனிலும் மற்ற இடங்களிலும் அலசப்பட்டது. 1927-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் நடந்த சபை ஒற்றுமை மாநாட்டில் அசரியா, மேலை நாடுகளில் பிரிவினை ஒரு பலவீனமாக மட்டும் இருக்கலாம், எங்கள் நாட்டில் அது பாவமும் இடறலும் என்று சொன்னார். 1945 ஜனவரி 1 அன்று அவர் காலமானார். ஐக்கியத்தை அவர் பார்க்கவில்லை.

நாடு விடுதலை அடைந்து ஆறு வாரங்கள் கழித்து, 1947 செப்டம்பர் 27 அன்று, சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சிஎஸ்ஐ, தொடங்கியது. சுமார் பத்து லட்சம் உறுப்பினர்கள், 14 திருமண்டலங்கள். யாழ்ப்பாணமும் அதில் ஒன்று. சபாபதி குலேந்திரன் அதன் முதல் பேராயர். பேராயர் உள்ள சபையும் பேராயர் இல்லாத சபைகளும் சேர்ந்து ஒன்றாவது, சீர்திருத்தக் காலத்துக்குப் பிறகு உலகிலேயே முதல் முறை.

சரி, ஊழிய அதிகார முடிச்சை எப்படி அவிழ்த்தார்கள்? ஏற்பாடு இதுதான்:

1. ஐக்கிய நாளன்று எந்தச் சபையில் போதகராக இருந்தவரும் அப்படியே புதிய திருச்சபையின் போதகர். யாருக்கும் மறு அபிஷேகம் கிடையாது. பேராயர் கைவைத்தவரும் வைக்காதவரும் சமம்.

2. அன்று முதல் புதிதாக வரும் எல்லோரையும் பேராயரே, மற்ற குருக்களுடன் சேர்ந்து கைவைத்து அபிஷேகம் செய்வார். ஒரு தலைமுறை கடந்தால் ஊழியம் தானாகவே ஒரே வகையாகிவிடும். இந்த இடைக்காலத்துக்கு 30 ஆண்டுகள் கொடுத்தார்கள்.

3. பேராயர் பதவியை எல்லோரும் ஏற்கவேண்டும். ஆனால் அதற்கு இன்ன விளக்கம்தான் சரி என்று யாரையும் வற்புறுத்தக் கூடாது.

4. மனச்சாட்சி ஏற்காத போதகரையோ வழிபாட்டு முறையையோ எந்தச் சபைமீதும் திணிப்பதில்லை என்று உறுதி கொடுத்தார்கள்.

நான்காவதைக் கவனியுங்கள். முதல் மூன்றும் சட்டம். நான்காவது ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கை. எந்த நீதிமன்றத்தாலும் அளந்து பார்க்க முடியாத ஒரு வாக்குறுதியை நம்பி நான்கு ஆங்கிலிக்கன் மறைமாவட்டங்கள் தங்கள் பழைய திருச்சபையை விட்டு வந்தன. 28 வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்து, சேர்ந்து ஜெபித்துப் பழகியவர்களுக்கு இடையில்தான் அந்த அளவு நம்பிக்கை வரும். அன்று அபிஷேகம் பெற்ற புதிய பேராயர்களில் ஒருவர் லெஸ்லி நியூபிகின். காஞ்சிபுரத்தில் ஊழியம் செய்த, ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பிரெஸ்பிட்டேரியன் மிஷனரி, வயது 37. பேராயர் பதவியே இல்லாத சபையில் வளர்ந்தவர் மதுரை-இராமநாதபுரம் பேராயரானார்.

## அதற்குக் கொடுத்த விலை

ஆந்திராவின் நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன்கள் பலர் ஐக்கியத்தில் சேராமல் பல ஆண்டுகள் வெளியே நின்றார்கள். இங்கிலாந்தின் எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் மிஷன் சங்கம் தன் நிதி ஆதரவை விலக்கிக்கொண்டது. 1948-ல் லண்டனின் லாம்பெத்தில் கூடிய உலக ஆங்கிலிக்கன் பேராயர்கள் புதிய சபையோடு முழு உறவு வைத்துக்கொள்ள ஒப்பவில்லை. பேராயர் கைவைக்காத போதகர்களைச் சமமாக ஏற்றதே காரணம். பக்கத்தில் இருந்தவர்களைச் சமமாக ஏற்றதற்காகத் தூரத்துச் சொந்தங்கள் முகம் திருப்பிக்கொண்டன.

1970 நவம்பர் 29 அன்று நாக்பூரில் வட இந்தியத் திருச்சபை தொடங்கியபோது வேறு வழியை எடுத்தார்கள். எல்லாச் சபைப் போதகர்களும் ஒருவருக்கொருவர் கைவைத்து ஜெபித்தார்கள். இதனால் வெளிநாட்டுச் சிக்கல் குறைந்தது. அங்கேயும் கடைசி நேரத்தில் ஒரு பெரிய மெதடிஸ்ட் சபை விலகிப்போனது. இலங்கையில் ஏறக்குறைய இதே மாதிரியான திட்டம் நீண்ட பேச்சுக்குப் பிறகு 1970-களின் தொடக்கத்தில் வழக்கில் சிக்கி நின்றுவிட்டது.

ஐக்கியம் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டதா என்றால், இல்லை. தரங்கம்பாடியில்தான் அந்த முதல் அறிக்கை பிறந்தது. ஆனால் அங்கே ஆழ வேரூன்றியிருந்த லூத்தரன் சபை இன்றும் தனிச் சபையாகவே இருக்கிறது. அதைவிட வலிக்கும் உண்மை சாதி. மெதடிஸ்டும் ஆங்கிலிக்கனும் ஒரே பாத்திரத்தில் பருகத் தொடங்கிய பிறகும், ஒரே சபைக்குள் சாதி பார்த்துப் பெண் கொடுப்பதும் சாதி பார்த்துத் திருமண்டலத் தேர்தலில் வாக்களிப்பதும் நிற்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த பிரிவை அகற்றியவர்கள், உள்ளூரில் விளைந்த பிரிவின்மேல் அதே 28 வருட உழைப்பைச் செலுத்தவில்லை. ஊழியர் நட்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைத் தாண்டிப் போகக் கூடாது. வேறு சபைப் போதகரோடு மேடை ஏறுபவர், தன் சபையிலேயே வேறு சாதியில் பிறந்த சக போதகர் வீட்டில் சாப்பிடுகிறாரா என்பதும் இதே கேள்வியின் பகுதிதான்.

## கத்தோலிக்கப் பக்கம்: ஒரு மோதிரத்தின் வழியே

கத்தோலிக்கத் திருச்சபையோடு இப்படி ஓர் இணைப்பு நடக்கவில்லை. அங்கே நட்பு வேறு பாதையில் போனது.

1889-ம் ஆண்டுக் குளிர்காலத்தில் மதேய்ரா தீவில் ஃபெர்னாண்ட் போர்த்தால் என்ற பிரெஞ்சுக் குருவும், ஹாலிஃபாக்ஸ் பிரபு என்ற ஆங்கிலிக்கன் விசுவாசியும் சந்தித்து நண்பர்களானார்கள். தங்கள் நட்பைப் போலவே இரு சபைகளும் நெருங்கலாம் என்று நம்பி, ஆங்கிலிக்கன் அபிஷேகம் செல்லுமா என்பதை ரோம் ஆராயவேண்டும் என்று வேலை செய்தார்கள். ரோம் ஆராய்ந்தது. 1896-ல் வந்த தீர்ப்பு, செல்லாது என்பது. மேலே சொன்ன அந்த அறிவிப்பு பிறந்த கதை இதுதான். நண்பர்கள் எவ்வளவு நெருங்கியிருந்தாலும், சபைகள் தயாராகும் முன் சட்டக் கேள்வியை எழுப்பினால் கதவு அடைபடும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சாட்சி இல்லை.

இருவரும் விடவில்லை. 1921 முதல் பெல்ஜியத்தின் மெக்கலென் நகரில் கர்தினால் மெர்சியேயின் தலைமையில் ஆங்கிலிக்கன், கத்தோலிக்க அறிஞர்கள் கூடிப் பேசினார்கள். 1926-ல் மரணப் படுக்கையில் மெர்சியே தன் பேராயர் மோதிரத்தைக் கழற்றி ஹாலிஃபாக்ஸுக்குக் கொடுத்தார். இரண்டே ஆண்டுகளில், 1928-ல், மற்றச் சபைகளின் ஒற்றுமைக் கூட்டங்களில் கத்தோலிக்கர் பங்குகொள்ளக் கூடாது என்று திருத்தந்தை பதினோராம் பயஸ் அறிவித்தார்.

கதவு அடைபட்ட அந்தக் காலத்தில்தான் பிரான்சில் லியோன் நகரத்துக் குரு பால் கூத்தூரியே ஒரு சிறிய வேலையைத் தொடங்கினார். 1937 முதல் கத்தோலிக்கக் குருக்களும் புராட்டஸ்டன்ட் போதகர்களும் தோம்ப் என்ற துறவு மடத்தில் கூடினார்கள். அறிக்கை, தீர்மானம் எதுவும் அவர்கள் இலக்காக இருக்கவில்லை. மடத்தின் ஜெப நேரங்களோடு சேர்ந்து ஜெபித்து, அதற்கு இடையில் இறையியல் பேசினார்கள். இந்தக் குழுவின் அணுகுமுறையில் ஒரு முக்கியமான திருப்பம் உண்டு: எதிர்ச் சபை எதை மாற்றவேண்டும் என்று பட்டியல் போடுவதை விட்டு, என் சபை எதில் மனம் திரும்பவேண்டும் என்று ஒவ்வொருவரும் கேட்பது. 1970-களில் நற்கருணை பற்றி இந்தக் குழு வெளியிட்ட அறிக்கை, பின்னர் உலக அளவில் நடந்த பேச்சுகளுக்கு அடித்தளங்களில் ஒன்றானது.

1964 நவம்பர் 21 அன்று கத்தோலிக்கப் பேராயர்களின் உலகக் கூட்டமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஒற்றுமை முயற்சியைத் திருச்சபையின் கடமை என்று அறிவித்தது. 1966 மார்ச்சில் ஆங்கிலிக்கன் சபையின் மூத்த பேராயரான காண்டர்பரி பேராயர் மைக்கேல் ராம்சே ரோமுக்கு வந்தபோது, திருத்தந்தை ஆறாம் பவுல் தன் மோதிரத்தைக் கழற்றி அவர் விரலில் போட்டார். குரு இல்லை என்று 70 ஆண்டுகளுக்கு முன் எழுதி வைத்த வரிசையில் வந்தவருக்குப் பேராயர் மோதிரம். சட்டம் மாறவில்லை. ஆனால் சட்டத்தைத் தாண்டி ஒரு திருத்தந்தை என்ன நினைத்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. சிஸ்டைன் சிற்றாலயத்தில் 2025-ல் நடந்ததை இந்த வரிசையில் வைத்துத்தான் படிக்கவேண்டும்.

## லிவர்பூல்: சட்டம் மாறாமலே எவ்வளவு தூரம் போகலாம்?

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் கத்தோலிக்க-புராட்டஸ்டன்ட் பகை தெருச் சண்டையாகவே பல தலைமுறை நடந்தது. 1975-ல் அங்கே ஆங்கிலிக்கன் பேராயராக வந்தவர் டேவிட் ஷெப்பர்ட். கிரிக்கெட் ரசிகர்களுக்குப் பழக்கமான பெயர்: இங்கிலாந்துக்காக 22 டெஸ்ட் ஆடியவர், குருவான பிறகும் டெஸ்ட் ஆடியவர். மறு வருடம் கத்தோலிக்கப் பேராயராக டெரெக் வோர்லாக் வந்தார். இருவரும் ஒரு முடிவெடுத்தார்கள்: மனச்சாட்சி பிரித்து வைக்கும் விஷயங்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சேர்ந்தே செய்வது. இது 1952-ல் ஸ்வீடனின் லுண்ட் மாநாடு சொன்ன கொள்கை. சொன்னவர்கள் பலர், இருபது வருடம் தளராமல் செய்தவர்கள் இவர்கள்.

1981-ல் டாக்ஸ்டெத் பகுதியில் கலவரம் வெடித்தபோது இருவரும் சேர்ந்து தெருவில் இறங்கினார்கள். வேலையில்லாத் திண்டாட்டம் பற்றி அரசிடம் சேர்ந்து பேசினார்கள். 1982 மார்ச்சில், திருத்தந்தை வரக்கூடாது என்று கத்திய கும்பல் லிவர்பூல் கோவிலில் காண்டர்பரி பேராயரையே பேச விடவில்லை. அதே ஆண்டு மே 30 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வந்து முதலில் ஆங்கிலிக்கன் பேராலயத்துக்கும், பிறகு ஹோப் தெரு வழியே கத்தோலிக்கப் பேராலயத்துக்கும் போனார். 1989 ஏப்ரலில் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதான நெரிசல் லிவர்பூல் ரசிகர்களின் உயிரைக் குடித்தபோது, இறந்தவர் எந்தச் சபை என்று கேட்கும் நகரமாக அது இல்லை. வோர்லாக் 1996-ல் இறக்கும் வரை இருவரும் ஒருவர் கையால் மற்றவர் நற்கருணை வாங்கவில்லை. அந்த வலியை அவர்கள் மறைக்கவும் இல்லை.

## நட்பு நிலைக்க என்ன வேண்டும்?

இந்த வரலாற்றை வைத்துப் பார்த்தால், ஊழியர் நட்பு சில இடங்களில் நிலைக்கிறது, சில இடங்களில் ஒரு விழாவோடு முடிகிறது. காரணங்கள் தெளிவானவை.

1. ஒரே வகுப்பறை. அபிஷேகத்துக்கு முன்பே பழகுவதைவிட வலுவான வழி வேறு இல்லை. பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரி 1910-ல் தொடங்கியது. மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் 1969 முதல் சிஎஸ்ஐ, லூத்தரன் மாணவர்கள் சேர்ந்து படிக்கிறார்கள். இலங்கையின் பிலிமத்தலாவையில் 1963-ல் பல சபைகள் சேர்ந்து தொடங்கிய கல்லூரியில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் மாணவர்கள் மட்டுமில்லை, சிங்களவரும் தமிழரும் ஒரே வளாகத்தில் படிக்கிறார்கள். சபை இணைப்பு நீதிமன்றத்தில் நின்றுபோன அதே நாட்டில் கல்லூரி நிற்கவில்லை.

2. கையில் ஒரு வேலை. 1995-ல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் அறிஞர்கள் பல ஆண்டுகள் சேர்ந்து உழைத்ததன் பலன். கத்தோலிக்கர் அதை வழிபாட்டில் ஏற்றார்கள். புராட்டஸ்டன்ட் சபைகளில் பெரும்பாலோர் பழைய மொழிபெயர்ப்பையே வாசிக்கிறார்கள். ஆனாலும் அந்த மேசையில் உட்கார்ந்தவர்களுக்குள் உண்டான மரியாதை எந்தக் கருத்தரங்கிலும் கிடைக்காதது.

3. மாற்றலைத் தாங்கும் ஏற்பாடு. ஊர்ப் போதகர் ஐக்கியங்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று பேரின் தனிப்பட்ட நட்பில் ஓடுகின்றன. ஒருவருக்கு மாற்றல் வந்ததும் கூட்டம் நின்றுவிடுகிறது. ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்பு ஜெப வாரம் நூறு ஆண்டுகளைத் தாண்டி நடந்து வருவதற்குக் காரணம், அது நாட்காட்டியில் இருக்கிறது, யார் வந்தாலும் நடக்கும். மாதம் ஒரு நாள், மாறாத இடம், அடுத்து வருபவரைக் கூட்டிப்போய் அறிமுகம் செய்துவைக்கும் வழக்கம் என்று உள்ளூரிலும் இருக்கவேண்டும்.

4. சண்டை வரும் இடங்களுக்கு முன்கூட்டியே பேசி வைத்த விதிகள். கலப்புச் சபைத் திருமணம் இதில் முதலாவது. கத்தோலிக்கக் கோவிலில் நடக்கும் திருமணத்துக்கு மற்றச் சபைப் போதகரை அழைத்து ஜெபிக்கவும் வாசிக்கவும் ஆசீர்வதிக்கவும் சொல்லலாம். ஒப்புதலை இருவர் தனித்தனியாகக் கேட்கும் இரட்டைச் சடங்கு மட்டும் கூடாது. இவ்வளவு இடம் இருப்பது பல குருக்களுக்கே தெரிவதில்லை. இரு ஊழியர்களும் ஏற்கெனவே பேசிப் பழகியவர்களாக இருந்தால், இரு குடும்பங்களும் அழுது முடிக்கவேண்டிய ஒரு வாரம் ஒரு தொலைபேசி அழைப்பில் தீரும். அடக்கம், கல்லறைத் தோட்டம் போன்றவையும் இப்படித்தான்.

## இன்னும் அவிழாதவை

கத்தோலிக்கச் சட்டம், முழு உறவில் இல்லாத சபைகளின் குருக்களோடு சேர்ந்து திருப்பலி நிறைவேற்றுவதை இன்றும் தடை செய்கிறது. இதற்கு மேல் பெண் குருத்துவம். 1994-ல் இரண்டாம் யோவான் பவுல், பெண்களுக்குக் குருத்துவ அபிஷேகம் அளிக்கத் திருச்சபைக்கு அதிகாரம் இல்லை என்று அறிவித்தார். சிஎஸ்ஐ 2013-ல் எக்கோணி புஷ்பலலிதாவை நந்தியால் பேராயராக அபிஷேகம் செய்தது. 2025 அக்டோபர் 3 அன்று சாரா முல்லாலி அடுத்த காண்டர்பரி பேராயராக அறிவிக்கப்பட்டார். அந்தப் பதவிக்குப் பெண் ஒருவர் வருவது முதல் முறை. மூன்றே வாரத்தில்தான் சிஸ்டைன் ஜெபம் நடந்தது. ஒரே மாதத்தில் இடைவெளியும் கூடியது, நெருக்கமும் கூடியது. இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்தால் செய்தி தவறாகவே புரியும்.

தமிழ்நாட்டில் இதைவிட அன்றாடச் சிக்கல் பெந்தெகொஸ்தே, தனிச்சபைப் போதகர்களோடு உள்ளது. பழைய சபைப் போதகர்கள் அவர்களை ‘ஆடு திருடுகிறவர்கள்’ என்கிறார்கள். அவர்களோ பழைய சபைகளை உயிரற்ற சடங்கு என்கிறார்கள். தனிச்சபைகள் பலவற்றுக்குப் பேராயரோ மாநிலச் சங்கமோ கிடையாது. எனவே 1919-ஐப் போலப் பேச்சுவார்த்தைக் குழு அமைத்துத் திட்டம் வரைவது அங்கே நடக்காது. ஆளோடு ஆள் பழகுவது ஒன்றே வழி.

2007-ல் கென்யாவின் லிமுரு நகரில் கூடிய உலகக் கிறிஸ்தவ மன்றம் இதற்கு ஒரு முறையைக் காட்டியது. கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், புராட்டஸ்டன்ட், பெந்தெகொஸ்தே தலைவர்கள் சிறு குழுக்களாக உட்கார்ந்து, தான் எப்படி விசுவாசத்துக்கு வந்தேன் என்பதை முதலில் சொன்னார்கள். கொள்கை விவாதம் அதற்குப் பிறகுதான். சாட்சி சொல்வது பெந்தெகொஸ்தே போதகர்களுக்குக் கைவந்த கலை; கேட்பது குருக்களுக்குப் பழக்கமான ஊழியம். இந்த முறைக்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை, எந்தச் சபைச் சட்டமும் இதைத் தடுக்கவில்லை. ஒரு தாலுகாவிலுள்ள பத்துப் போதகர்கள் வரும் ஜனவரி ஜெப வாரத்திலேயே இதைத் தொடங்கலாம்.